தாராவி மேஸ்திரியும் சுவர் நோட்டீஸும்

“புதுசா என்ன வந்திருக்கு?”

மற்றவர்கள் சௌக்கியமா என்று கேட்கிற இடத்தில் அவர் இதைத்தான் கேட்பார். டீக்கடைக்காரரிடம் கேட்பார், ரேஷன் கியூவில் முன்னால் நிற்பவரிடம் கேட்பார், என்னிடம் ஞாயிறு தவறாமல் கேட்பார். தாராவியில் இருந்த தோல் பட்டறைகளுக்கு முனிசிபாலிட்டி அவ்வப்போது உத்தரவு போடும். சாக்கடையில் எதை விடலாம், எதை விடக்கூடாது, சுண்ணாம்புக் குழியை எப்படி மூடவேண்டும், கழிவை எந்த வண்டியில் ஏற்றவேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். அந்த உத்தரவுகளில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அவருக்கு எந்தப் பாஷையிலும் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. தமிழிலும் கைநாட்டுதான்.

அப்படியொரு பட்டறையில் ஆட்களை வேலை வாங்குகிறவர் அவர். அவரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பெயர் ஒன்று உண்டு, எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

நான் அப்போது பம்பாயில், மாதுங்காவில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தேன். கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. பி.ஏ. பாஸ் செய்திருந்தேன் என்பதை யார் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு குட்டைச் சுவரில் உட்கார்ந்து இங்கிலீஷ் பேப்பர் படிப்பது வழக்கம். படிப்பது என்றால், சினிமா விளம்பரமும் கிரிக்கெட்டும். ஒரு நாள் எனக்கு முன்னால் ஓர் ஆள் வந்து நின்றார். நாற்பது வயசு இருக்கும். முழங்கைவரை தோல் வெளுத்துப்போய் வெடித்திருந்தது. சுண்ணாம்பு தின்ற கை. அதில் ஒரு ஈரச் சாக்கைச் சுருட்டி வைத்திருந்தார்.

“சார் இங்கிலீஷ் படிப்பியளோ?”

ஊர்ப் பேச்சு. நானும் திருநெல்வேலிப் பக்கம்தான். படிப்பியளோ என்று கேட்டதில் எனக்குக் கொஞ்சம் ரோஷம். “பி.ஏ. படிச்சிருக்கேன்” என்றேன்.

அவர் சாக்கை விரித்தார். உள்ளே ஒரு நோட்டீஸ், பின்பக்கம் மைதாப் பசை கொழகொழவென்று இருந்தது. பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்ததை, நனைத்த சாக்கை அதன் மேல் அரை மணி நேரம் போட்டுவைத்து, கிழியாமல் உரித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் படித்துத் தமிழில் சொன்னேன். தோலிலிருந்து சீவிய சவ்வையும் ரோமத்தையும் சாக்கடையில் விடக்கூடாது, மூடிய வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும், வண்டி சாக்கடையிலிருந்து இத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று இருந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, நான் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னார். சொல்லிவிட்டு, “முதல்ல சொல்லையிலே பத்தடி தள்ளின்னிய, ரெண்டாவது பதினஞ்சுன்னுதிய. எது சரி?” என்றார். பார்த்தேன். பதினைந்துதான்.

நோட்டீஸைத் திரும்பச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே இவ்வளவு அவசரம் என்றேன்.

“காயிறதுக்குள்ளே இருந்த இடத்துல ஒட்டிரணும் சார். மத்தவங்களும் பாக்கணும்லா.”

“அங்கே யாரு படிக்கப்போறா?”

“படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் அந்தப் பக்கம் வந்துட்டான்னா?”

சிரித்தேன். “இனிமே எது ஒட்டினாலும் கொண்டாங்க மேஸ்திரி. எந்தப் பாஷையா இருந்தாலும் படிச்சிடலாம்” என்றேன். எனக்குச் சரியாகத் தெரிந்தது இரண்டு பாஷை. வாய்க்கு அது தெரியாது.

ஐந்து வருஷம் வந்தார். அறைக்கு வரமாட்டார். ஒருதடவை வற்புறுத்தி அழைத்துப்போனேன், மாடிப்படியிலேயே நின்றுவிட்டார். அவர் போன பிறகு என் அறைக்காரர்கள் ஊதுவத்தி கொளுத்தினார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவரை ஸ்டேஷன் சுவரிலேயே பார்த்துக்கொண்டேன்.

சில மாதங்களுக்கு நோட்டீஸ் எதுவும் வராது. அப்போதும் வருவார். பேப்பரில் ஏதாவது போட்டிருக்கிறதா என்பார். நான் புரட்டிப் பார்த்து இல்லை என்பேன். “நல்லாப் பாருங்க” என்பார். எரிச்சலாக வரும். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், பம்பாயில் என் படிப்புக்கு எழுந்து நின்று மரியாதை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். ஆபீசில் நான் பதினெட்டாவது மேஜை. அந்தச் சுவரில் உட்கார்ந்தால் நான் ஹைகோர்ட் ஜட்ஜ். அந்த ருசி எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஒருமுறை அவருடைய பட்டறைக்குப் போயிருக்கிறேன். தகரக் கூரை, தரையில் வரிசையாகச் சுண்ணாம்புக் குழிகள், அப்பால் ஆவாரம்பட்டைத் தண்ணீர் நிற்கும் தொட்டிகள். முப்பது பேர் வேலை செய்தார்கள். முதலாளி எங்கள் பக்கத்து பாய், நல்ல மனுஷர். ஆனால் சீக்காளி, வருஷத்தில் பாதி நாள் ஊரில்தான். “எல்லாம் மேஸ்திரி பாத்துக்கிடுவாரு” என்று விட்டுவிட்டார். காலையில் ஆட்கள் குழியில் இறங்குமுன் மேஸ்திரி அவர்களை வரிசையாக நிறுத்தி, புது உத்தரவு என்ன சொல்கிறது என்று ஒப்பித்தார். ஒவ்வொருவனும் திருப்பிச் சொல்லவேண்டும். அவருடைய மச்சினனும் அங்கேதான் வேலை பார்த்தான், வாய்த்துடுக்கு உள்ளவன்.

“கலெக்டர் அத்தான், சுண்ணாம்புக்கு இங்கிலீஷ் தெரியுமா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. “நீ முதல்ல ஒப்பி. சொல்லாம குழிக்குப் போகாதே” என்றார். அவன் சொல்லிவிட்டுத்தான் இறங்கினான்.

இன்ஸ்பெக்டர் ஒருவர் வருவார். மராத்திக்காரர், வயதானவர், சைக்கிளில் வருவார். முதல் தடவை வந்தபோது சாக்கடை வாயில் வைத்திருந்த சல்லடையைப் பார்த்து, கண் பெரிதாக இருக்கிறது, விதிப்படி இல்லை என்று சத்தம் போட்டாராம். மேஸ்திரி கைகட்டி நின்றுகொண்டு, அவர் சொல்வது போன மழைக்கு முந்தி வந்த உத்தரவு, அதற்குப் பிறகு வந்ததில் அளவை மாற்றிவிட்டார்கள் என்று இந்தியில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. மறுநாள் வந்தார். “நீ சொன்னதுதான் சரி” என்று சொல்லி, மேஸ்திரி சொல்லச் சொல்லத் தன் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவருக்குப் பெருமை ஒன்றும் இல்லை. “அவருக்கே தெரியலைன்னா நாம எம்புட்டு கவனமா இருக்கணும் பாருங்க” என்றார். எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை. படித்துச் சொன்னவன் நானல்லவா.

பட்டறைக்குப் பின்னால் நாலா, அதாவது பெரிய சாக்கடைக் கால்வாய், ஓடியது. ஓடியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சுற்றிலும் இருந்த அத்தனை பட்டறைக் கழிவும் அதில்தான். அவர் ஆட்கள் மட்டும் சவ்வையும் ரோமத்தையும் கூடையில் அள்ளி, மூடிய வண்டி நிற்கிற இடம்வரை தலையில் சுமந்து போவார்கள். பக்கத்துப் பட்டறைக்காரன் அவர்கள் கண்முன்னாலேயே மண்வெட்டியால் நாலாவில் தள்ளுவான். நான் கேட்டேன்.

“நீங்க ஒரு ஆள் விடாம இருந்தா நாலா சுத்தமாயிடுமா மேஸ்திரி?”

“நாலாவுக்காக யாரு செய்தா சார்? பூட்டுக்காகச் செய்தேன்.”

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். இதற்கு முன் வேறொரு பட்டறையில் பத்து வருஷம் இருந்தாராம். ஒருநாள் காலையில் வேலைக்குப் போனால் கதவில் பூட்டும் அரக்கும். விஷயம் என்னவென்று விசாரித்தால், ஒரு மாதமாக நோட்டீஸ் சுவரில்தான் இருந்திருக்கிறது. குழிகளை ரோட்டிலிருந்து தள்ளிக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் ரத்து என்று. “அதுமேலதான் சார் பனியனைக் காயப்போட்டோம். நாப்பது பேரு. ஒருத்தனுக்கும் படிக்கத் தெரியலை. படிக்கத் தெரிஞ்சவன்கிட்ட கேக்கணும்னும் தோணலை.” ஆட்கள் சிதறிப்போனார்கள். சிலர் செம்பூர்ப் பக்கம் ஆலைகளில் கூலிக்கு நின்றார்கள், சிலர் ஊருக்கே திரும்பினார்கள். அவர் வீட்டில் மூன்று மாதம் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. அந்த மூன்று மாதத்தில் ஒரு பெண் குழந்தை போய்விட்டது. இதைச் சொல்லும்போதும் அவர் குரல் மாறவில்லை. உத்தரவை ஒப்பிக்கிற அதே குரலில்தான் சொன்னார். என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒழுங்காகப் படித்துச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். கொஞ்ச நாள் சொன்னேன்.

மகாராஷ்டிரம் தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆபீஸ் காகிதங்கள் மெல்ல மெல்ல மராத்திக்கு மாறத் தொடங்கின. முதலில் இங்கிலீஷுக்குக் கீழே மராத்தி வந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்காலம், மேஸ்திரி சாக்கை விரித்தபோது உள்ளே மராத்தி மட்டும் இருந்தது.

“எழுத்து முழுக்க வேற மாதிரி இருக்கே சார்” என்றார். படிக்கத் தெரியாவிட்டாலும் எந்த நோட்டீஸ் எது என்று முத்திரையையும் கறையையும் வைத்தே சொல்லிவிடுவார்.

“மராத்தி” என்றேன்.

“படிச்சிருவியள்லா?”

பள்ளிக்கூடத்தில் இந்திப் பரீட்சை எழுதியவன் நான். எழுத்து கூட்டத் தெரியும். நாலா என்று ஒரு வார்த்தை, பர்வானா என்று ஒரு வார்த்தை, லைசென்ஸைத்தான் சொல்கிறான் என்று புரிந்தது. மற்றது எல்லாம் சர்க்கார் மராத்தி. ஒரு வாக்கியம்கூடப் பிடிபடவில்லை. தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிஷம்கூட ஆகாது. எந்தப் பாஷையா இருந்தாலும் என்று சொன்னவன், ஐந்து வருஷம் ஜட்ஜாக உட்கார்ந்தவன், எனக்கு வாய் வரவில்லை. காகிதத்தை மேலிருந்து கீழே பார்ப்பது மாதிரி பார்த்தேன்.

“பழசுதான் மேஸ்திரி. நாலாவிலே ரோமம் விடக்கூடாது, மீறினா லைசென்ஸ் போயிடும்னு. அதையே இப்போ மராத்தியிலே போட்டிருக்கான்.”

அவர் விரலை வைத்துக் காட்டினார். “தேதி ரெண்டு இருக்கே சார்? இங்கன ஒண்ணு, கீழே ஒண்ணு.” கணக்கு எண் மட்டும் அவருக்குத் தெரியும். சந்தையில் பழகியது.

“ஒண்ணு கையெழுத்துப் போட்ட தேதி. இன்னொண்ணு ஒட்டின தேதி.”

“ஒட்டினது முந்தாநாளு. இது அடுத்த மாசமால்ல இருக்கு?”

“ஆபீஸ்காரன் தப்பாப் போட்டிருப்பான்” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். வழக்கமாக இரண்டாம் முறை படிக்கச் சொல்வார். அன்று சொல்லவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. “சார் சொன்னா சரிதான்” என்று காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு மழையில் நடந்தார். நான் எழுந்து போய் காபி குடித்தேன்.

திங்கட்கிழமை ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் மராத்திக்காரர். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மறுபடி அந்த நோட்டீஸைப் பார்க்க தாராவிக்கு நடந்தே போயிருக்கலாம், இருபது நிமிஷ நடை. ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதத்தில் நான்கு ஞாயிறு அவர் வந்தார், புதுசா என்ன வந்திருக்கு என்று கேட்டார். நான் பேப்பரைப் புரட்டிவிட்டு ஒன்றுமில்லை என்றேன். அந்த உத்தரவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஐந்தாவது ஞாயிறு அவர் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆறாவது ஞாயிறு வந்தார். கையில் சாக்கு இல்லை. சுவரில் உட்காருங்கள் என்றேன், நின்றுகொண்டே இருந்தார். பட்டறையைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டார்கள் என்றார். நாலாவுக்குப் போகிற சாக்கடை வாயை சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்களாம். கழிவுத் தண்ணீர் நேராக நாலாவுக்குப் போகக்கூடாது, முதலில் ஒரு தொட்டியில் தங்கித் தெளிந்துதான் போகவேண்டும், அந்தத் தொட்டிக்குப் பிளான் போட்டுக் குறிப்பிட்ட தேதிக்குள் மனு கொடுக்கவேண்டும், கொடுக்காதவர்களுக்கு லைசென்ஸ் கிடையாது. நோட்டீஸில் இருந்தது அதுதான். கீழே இருந்த தேதி கெடு. பக்கத்துப் பட்டறைக்காரன், மண்வெட்டியால் தள்ளுகிறவன், வக்கீல் வைத்து முதல் வாரமே மனு கொடுத்துவிட்டான். அவன் பட்டறை ஓடிக்கொண்டிருந்தது.

பூட்ட வந்தவர் அந்தச் சைக்கிள் இன்ஸ்பெக்டர்தான். மேஸ்திரி அவரிடம் போய், அது பழைய உத்தரவுதானே, நாங்கள் ஒன்றும் மீறவில்லையே என்று சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் நோட்டீஸை எடுத்து வரிவரியாக இந்தியில் சொல்லிக் காட்டினாராம். காட்டிவிட்டு, “மேஸ்திரி, உனக்கா தெரியாமப் போச்சு?” என்று கேட்டாராம். இன்னும் யார் யாரையோ பார்க்கச் சொல்லியிருக்கிறார். பாய் ஊரிலிருந்து கடிதம் போட்டுவிட்டார், என் உடம்புக்கு இனிமேல் கோர்ட்டும் கேசும் ஆகாது, மூடிவிடுங்கள் என்று.

“ஆளுங்க?” என்றேன்.

“முப்பது பேரும் வெளியே நிக்காவ. என் மச்சினன் முகங்குடுத்துப் பேச மாட்டேங்கான்.”

இப்போதாவது சொல்லிவிடவேண்டும் என்று, “மேஸ்திரி, எனக்கு அன்னைக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் சார்.”

“என்ன தெரியும்?”

“உங்களுக்கு அது படிக்கத் தெரியலைன்னு. இங்கிலீஷ் படிக்கையிலே உங்க கண்ணு வரிவரியா இறங்கும். அன்னைக்கு ஒரே இடத்துல நின்னுச்சு.”

நான் சுவரில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டேஷனில் ரயில் ஒன்று வந்து போயிற்று. கேட்க வேண்டியதைக் கேட்டேன். “அப்போவே ஏன் கேக்கலை?”

“எப்படிக் கேக்க? அஞ்சு வருசமா படிச்சுச் சொன்னவரு. கேட்டா உங்களுக்கு ஒரு மாதிரியா ஆயிரும்லா. லேபர் கேம்ப் பக்கம் மராத்திக்கார வாத்தியார் ஒருத்தர் இருக்காரு. அவர் வாசல் வரைக்கும் போனேன். உங்களை நம்பாம இன்னொருத்தர்கிட்ட கொண்டுபோற மாதிரி இருந்துச்சு. திரும்பிட்டேன். தப்பு என்மேலதான். கேட்டிருக்கணும்.”

“ஆளுங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“சார் சரியாத்தான் படிச்சுச் சொன்னாரு, நான்தான் கெடு தேதியை மறந்துட்டேன்னு சொல்லிட்டேன்.”

மறப்பதாவது! பத்தடியா பதினைந்தடியா என்று என்னைப் பிடித்தவர். நான் எழுந்துவிட்டேன். “இப்பவே வரேன் மேஸ்திரி. நான் வந்து அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறேன்.”

“வேண்டாம் சார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. “நான் மறந்தேன்னா, மறதிக்காரன்னு என்னைத் தள்ளிட்டு வேற மேஸ்திரிகிட்ட போவாவ. போகட்டும். படிச்சவரு தெரியாததைத் தெரியும்னு சொல்லிட்டாருன்னு வையுங்க, பிறகு எந்தப் படிச்சவன் சொன்னாலும் நம்ப மாட்டாவ. நாளைக்கு இன்னொரு பட்டறையில நோட்டீஸ் ஒட்டுவான். அதை யாருகிட்ட சார் கொண்டுபோவாவ? மறுபடியும் பனியனைக் காயப்போடுவாவ.”

இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார். யாராவது வந்து கேட்டால் நான் ஒன்று கிடக்க ஒன்று உளறிவிடக் கூடாது, சரியாகத்தான் படித்தேன் என்று சொல்லவேண்டும் என்று. சொல்லிவிட்டு, போய்வருகிறேன் என்றார். புதுசா என்ன வந்திருக்கு என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவருடைய மச்சினன் மாதுங்காவுக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தான். ஸ்டேஷன் வாசலில் என்னை நிறுத்தினான். துடுக்கெல்லாம் போய் ஆள் பாதியாக இருந்தான்.

“சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்க அத்தான் எதையும் மறக்கிற ஆளு இல்லை. வீட்டுல அக்கா அழுதுகிட்டு கெடக்கா. நீங்க அன்னைக்கு அந்தக் கெடு தேதியைப் படிச்சுச் சொன்னியளா, இல்லையா?”

மேஸ்திரி கேட்டுக்கொண்டதற்காகத்தான் அன்று அந்தப் பதிலைச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். உண்மையில் அது பயம். அவமானம். வேறொன்றும் இல்லை. மேஸ்திரி கேட்டுக்கொள்ளாமல் இருந்திருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

“சொன்னேனே” என்றேன். “ரெண்டு தடவை சொன்னேன்.”

“அப்போ அத்தான்தான்” என்று சொல்லிவிட்டுப் போனான்.